எட்டுக் கிளை, இருநூறு பேர்: சிஎஸ்ஆர் திட்டத்தை எச்.ஆர். எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர்: கல்லாப்பெட்டி

வணக்கம். மளிகை, துணி, வீட்டுச் சாமான் மூன்றும் விற்கிற நிறுவனம். எட்டுக் கிளைகள். எங்கள் சம்பளப் பட்டியலில் சுமார் 200 பேர். அதுபோக பிராண்டுகள் அனுப்பும் புரொமோட்டர்கள், ஏஜென்சி வழியாக வரும் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஆட்கள். முதல் முறையாக சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) கொள்கை எழுதப் போகிறோம், பொறுப்பு எச்.ஆர். துறைக்கு வந்திருக்கிறது. நிர்வாகம் கொடுத்த பட்டியலில் மரம் நடுதல், ரத்ததான முகாம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை வழங்குதல் ஆகிய மூன்றும் இருக்கின்றன. இன்னொரு பக்கம் கடைத்தள ஊழியர்களில் ஆண்டுக்கு 60 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போகிறார்கள்.

ஊழியர் நலனுக்குச் செய்வதை சிஎஸ்ஆர் என்று காட்டலாமா? கடைத்தளத்தில் எதை முதலில் சரிசெய்வது? மிஞ்சும் உணவுப் பொருளைத் தானம் கொடுப்பதை யார் தலையில் கட்டுவது? ஆண்டு முடிவில் என்ன எண்களைக் காட்டினால் அது வெறும் போட்டோ ஆல்பமாக இல்லாமல் இருக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: தராசுமுள்

முதல் கேள்விக்கு நேரான பதில்: செலவுக் கணக்கில் காட்டாதீர்கள். சட்டம் சிஎஸ்ஆர் செலவைக் கட்டாயமாக்கியிருக்கும் இடத்தில் இது இன்னும் முக்கியம். உதாரணத்துக்கு இந்தியாவின் கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின் கீழ் வந்த விதிகள், 2021 திருத்தத்துக்குப் பிறகு, சொந்த ஊழியர்களுக்குப் பலன் தரும் வேலைகளை சிஎஸ்ஆர் வரையறையிலிருந்தே நீக்கிவிட்டன. விளம்பரப் பலனுக்காகக் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப்பும் சேராது. வழக்கமான தொழிலில் செய்யும் வேலையும் சேராது. உங்கள் கடைப் பெயர் பெரிதாக அச்சடித்த பள்ளிப் பையை ஆடிட்டர் இரண்டு முறை திருப்பிப் பார்ப்பார்.

ஆனால் பொறுப்பு என்று பார்த்தால் கதை வேறு. 2010-இல் வந்த ஐஎஸ்ஓ 26000 என்ற சர்வதேச வழிகாட்டி சமூகப் பொறுப்புக்கு ஏழு மையத் தலைப்புகளைச் சொல்கிறது. தொழிலாளர் நடைமுறை அதில் ஒன்று. அதாவது கேஷியர் எத்தனை மணி நேரம் நின்றார் என்பதும் சமூகப் பொறுப்புதான், செலவுக் கணக்கில் ஏறாத பொறுப்பு. எனவே கொள்கையை இரண்டு பாகமாக எழுதுங்கள். ஒன்று, வெளியே கொடுப்பது. மற்றது, தொழிலை நடத்தும் விதம். இரண்டாவதற்குத் தனி பட்ஜெட் தலைப்பு வேண்டாம். அது செயல்பாட்டுச் செலவு. (போகிற போக்கில்: ஐஎஸ்ஓ 26000 வழிகாட்டி மட்டுமே, சான்றிதழுக்கானது அல்ல. "26000 சர்ட்டிஃபிகேட் வாங்கித் தருகிறேன்" என்று வருகிற கன்சல்டன்டுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.)

அடுத்து அந்த 60 சதவீதம். அப்படியே வைத்தால் அந்த எண் ஒன்றும் சொல்லாது. 200 பேரில் 120 பேர் போனார்கள் என்றால், 120 இடங்கள் தலா ஒரு முறை காலியாகியிருக்கலாம். 40 இடங்களே மூன்று மூன்று முறை காலியாகியிருக்கவும் கூடும். முதலாவதில் சம்பளமோ போக்குவரத்தோ பொதுவான காரணமாக இருக்கும். இரண்டாவதில் குறிப்பிட்ட சில கவுண்டர், குறிப்பிட்ட ஷிஃப்ட், குறிப்பிட்ட சூப்பர்வைசர். இது தெரிய, விலகியவர்களைப் பெயர் வாரியாக இல்லாமல் இடம் வாரியாக எக்ஸெலில் போடுங்கள்: கிளை, பிரிவு, ஷிஃப்ட், யாருக்குக் கீழே, சேர்ந்த நாள், கடைசி நாள். பிறகு சேர்ந்து 90 நாளுக்குள் போனவர்களைத் தனியாக எண்ணுங்கள். அந்தப் பங்கு அதிகமென்றால் கோளாறு ஆளெடுப்பிலும் முதல் வாரத்திலும் இருக்கிறது. இன்டர்வியூவில் ஒரு ஷிஃப்டைச் சொல்லி, சேர்ந்ததும் வேறு ஷிஃப்டில் போடுவது இதில் பெரிய பங்கு வகிக்கும்.

நிர்வாகத்திடம் பேசப் பணக் கணக்கு வேண்டும். ஒருவர் போய் இன்னொருவர் வருவதற்கான செலவைச் சம்பள நாட்களாகப் போடுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: தேர்வும் சரிபார்ப்பும் 2 நாள், வகுப்புப் பயிற்சி 5 நாள், முதல் 20 நாள் பாதி வேகத்தில் வேலை செய்வதால் இழப்பு 10 நாள், கற்றுக்கொடுக்கும் மூத்த ஊழியரின் நேரம் 4 நாள், இடம் 12 நாள் காலியாக இருந்து அதை இரட்டைச் சம்பள ஓவர்டைமில் ஓட்டினால் கூடுதல் செலவு 12 நாள். மொத்தம் 33. இதை 120-ஆல் பெருக்கினால் 3,960 ஆள்நாள். ஆண்டுக்கு 310 வேலைநாள் வைத்தால் கிட்டத்தட்ட 13 பேரின் முழு ஆண்டுச் சம்பளம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், ஆனால் கணக்கு முறையை மாற்றாதீர்கள். மரக்கன்று பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் இந்தத் தொகையை எழுதிக் காட்டினால் போதும்.

---

பதில்: ரோஸ்டர்பலகை

தராசுமுள் சார் சொன்ன கணக்கோடு ஒத்துப்போகிறேன். கடைத்தளத்தில் எதை முதலில் என்று கேட்டால், ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்ற அட்டவணை. சம்பளம் குறைவென்று போகிறவர்களுக்கு இணையாக, அடுத்த வாரம் எப்போது வேலை என்று தெரியாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் கேப் (Gap) துணி நிறுவனத்தின் 28 கடைகளில் 2015-16-இல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். எல்லாக் கடையிலும் ரோஸ்டரை இரண்டு வாரம் முன்பே வெளியிட்டு, "கூப்பிட்டால் வரணும்" வகை ஷிஃப்டை எடுத்துவிட்டார்கள். 19 கடைகளில் இதற்கு மேலே போய், ஷிஃப்ட் தொடங்கும் முடியும் நேரத்தை நிலையாக்கி, ஊழியர்கள் தங்களுக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஆப் கொடுத்து, நெரிசல் நேரத்துக்குக் கூடுதல் ஆள் போட்டார்கள். அந்தக் கடைகளில் விற்பனை இடைநிலை அளவில் (மீடியன்) 7 சதவீதம் கூடியது, உற்பத்தித்திறன் 5 சதவீதம் கூடியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: ரோஸ்டரைக் குலைத்தது பெரும்பாலும் வாடிக்கையாளர் கூட்டம் இல்லை. தலைமையகம். லோடு வரும் நாள் மாறுவது, ஆஃபர் திடீரென்று மாறுவது, பெரியவர்கள் கடை பார்க்க வருவது. ஆகவே கடை மேலாளரை மட்டும் திட்டிப் பயனில்லை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 500 பேரோ அதற்கு மேலோ உள்ள சில்லறை நிறுவனங்களுக்கு 14 நாள் முன்னறிவிப்பு சட்டமாகவே இருக்கிறது. உங்களுக்குச் சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் செய்யலாம். செய்முறை:

பில்லிங் சிஸ்டத்திலிருந்து எட்டு வாரத்துக்கு அரை மணி நேர வாரியாக பில் எண்ணிக்கையை எடுங்கள். விற்பனைத் தொகை வேண்டாம். பெரிய பில் ஒன்றுக்கும் சின்ன பில் பத்துக்கும் தேவைப்படும் ஆள் வேறு. சிறப்பு ஆஃபர் வாரங்களைத் தனியே ஒதுக்குங்கள். மீதியில் ஒரே கிழமை, ஒரே அரை மணி நேரத்தை ஒப்பிட்டால் பெரும்பாலான இடங்களில் வித்தியாசம் சிறியதாக இருக்கும். அந்த மாறாத பகுதிக்கு நிரந்தர ஷிஃப்ட் போடுங்கள். ஏறி இறங்கும் பகுதிக்கு மட்டும் நாலு மணி நேர ஷிஃப்ட், அதுவும் விருப்பம் கேட்டு. ஒட்டிய பிறகு மாற்றினால் யார் மாற்றினார், ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். இந்த ஒரு வரி விதியே பாதி மாற்றத்தை நிறுத்தும், ஏனென்றால் "ஏரியா மேனேஜர் விசிட்" என்று எழுதி வைக்க யாருக்கும் பிடிக்காது.

அடுத்து, இரவு மூடிவிட்டுக் காலையில் திறக்க வருவது. ரோஸ்டரில் 10 மணிக்கு முடிந்து 9 மணிக்குத் தொடங்குவதாக இருக்கும், 11 மணி நேர இடைவெளி என்று தோன்றும். (ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர விதி ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு கேட்கிறது, நல்ல அளவுகோல்.) உண்மையில் கல்லா எண்ணி, ஷட்டர் இறக்கி, பை சோதனை முடிந்து வெளியே போக 10.45. காலையில் திறப்பு வேலைக்கு 8.30. இடைவெளி 9 மணி 45 நிமிடம். ஆகவே ஓய்வை ரோஸ்டர் நேரத்தில் கணக்கிடாதீர்கள், பஞ்ச் நேரத்தில் (உண்மையில் வந்து போன பதிவில்) கணக்கிடுங்கள். வீக் ஆஃபும் அப்படித்தான். விடியற்காலை 3 மணி வரை ஸ்டாக் எண்ணவைத்து "இன்று உனக்கு ஆஃப்" என்றால் அந்த ஆஃபில் பாதி தூக்கத்தில் போய்விடும். ஸ்டாக் எண்ணும் இரவுக்கு மறுநாள் ஆஃப் போடவே கூடாது, அதற்கடுத்த நாள் போடுங்கள்.

இருக்கை. 1964-இல் வந்த ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) 120-ஆவது உடன்படிக்கை, கடை, அலுவலக ஊழியர்களுக்குப் போதுமான இருக்கையும் அதில் உட்கார நியாயமான வாய்ப்பும் வேண்டும் என்கிறது. கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் இதைத் தங்கள் கடைகள் சட்டத்திலேயே சேர்த்தன. சட்டம் வந்த பிறகும் எங்கே கெட்டுப்போகிறது என்றால், ஸ்டூல் வாங்கிப் போடுகிறார்கள், உட்கார முடியாது. பில்லிங் கவுண்டரின் உள்பக்கம் தரைவரை பலகை அடித்திருக்கும். முழங்கால் போக இடமில்லை, அதனால் கேஷியர் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து ஸ்கேன் செய்வார், இரண்டு வாரத்தில் இடுப்பு வலி வந்து ஸ்டூலை ஓரம் தள்ளுவார். "பாருங்க, குடுத்தா உட்கார மாட்டேங்கிறாங்க" என்று பேச்சு வரும். பலகையைக் கழற்றி முழங்காலுக்கு 40-45 செ.மீ. ஆழம் விடுங்கள். இருக்கை, கவுண்டர் மேற்பரப்பிலிருந்து 25-30 செ.மீ. கீழே இருக்க வேண்டும். கவுண்டர் 90 செ.மீ. உயரம் என்றால் இருக்கை 60-65 வரும், கால் தொங்கும், ஆகவே கால் வைக்கும் கம்பி கட்டாயம். கவுண்டர் இல்லாத துணிப் பிரிவில் ஒவ்வொரு வரிசைக் கோடியிலும் ஒரு மடக்கு இருக்கை. எல்லாவற்றுக்கும் மேலாக, கேமராவில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து போன் போடும் வழக்கத்தை எழுத்தில் தடை செய்யுங்கள்.

கழிவறைக்குப் போக மைக்கில் அனுமதி கேட்கும் நிலை இருந்தால் அதற்குக் காரணம் ரிலீவர் இல்லாதது. ஆறு கவுண்டர், ஒவ்வொருவருக்கும் சாப்பாட்டுக்கு 30 நிமிடம், இரண்டு முறை 10 நிமிடம்: ஆளுக்கு 50, மொத்தம் 300 நிமிடம். அதாவது ஆறு கவுண்டருக்கு ஐந்து மணி நேரம் வேலை செய்யும் ஒரு மாற்று ஆள். ரோஸ்டரில் அந்த ஆள் பெயர் இல்லையென்றால் இடைவேளை காகிதத்தில் மட்டும்தான்.

---

பதில்: ஷட்டர்சாவி

ரோஸ்டர்பலகை சொல்றது எல்லாம் சரிதான், ஆனா கடை மேலாளர் நாற்காலியில உட்கார்ந்து பாருங்க. சம்பளச் செலவு விற்பனையில இத்தனை சதவீதம்னு கட்டிப் போட்டிருப்பாங்க. மூணாவது வாரம் விற்பனை படுத்தா, மேலாளர் கையில குறைக்க இருக்கிறது ஆள் மணி நேரம் மட்டும்தான். வாடகையையோ கரண்டையோ குறைக்க முடியாது. ரெண்டு வாரம் முன்னாடி ரோஸ்டர் ஒட்டச் சொல்லிட்டு, மாசக் கடைசியில சதவீதம் தாண்டிடுச்சுன்னு மெமோ குடுத்தா, அவர் ஆட்களை பஞ்ச் அவுட் போடவெச்சு வேலை வாங்குவார். அதைத்தான் எல்லாரும் பண்றாங்க.

அதனால முதல்ல பட்ஜெட்டை மாத்துங்க. சதவீதத்துக்குப் பதிலா, நாலு வாரம் முன்னாடியே மணி நேரமா குடுத்துடுங்க. விற்பனை கணிச்சது தலைமையகம், கணிப்பு தப்பினா அது மேலாளர் குத்தம் இல்ல. அப்புறம் மேலாளர் இன்சென்டிவ்ல விற்பனை, ஷ்ரிங்கேஜ் (திருட்டு, சேதத்துல குறையிற சரக்கு) ரெண்டு மட்டும் இருந்தா மத்தது எதுவும் நடக்காது. 90 நாள் விலகல், ஒட்டின பிறகு மாறின ஷிஃப்ட் எண்ணிக்கை, எடுக்காம போன வீக் ஆஃப் இந்த மூணையும் சேருங்க. மொத்தத்துல கால் பங்கு வெயிட்டேஜ் குடுத்தாத்தான் கண்ணுல படும், அஞ்சு சதவீதம்லாம் யாரும் மதிக்க மாட்டாங்க.

இன்னொண்ணு யாரும் சொல்லல. கல்லா ஷார்ட்டேஜை கேஷியர் சம்பளத்துல பிடிக்கிறது. ஒரே டிராயரை மூணு பேர் தொட்டுட்டு, கடைசியா கையெழுத்துப் போட்டவர் தலையில விழும். புதுசா வந்தவங்க முதல் மாசமே ஓடுறதுக்கு இது போதும். பல இடத்துல இப்படிப் பிடிக்கிறது சட்டப்படி செல்லவும் செல்லாது. ஆளுக்கு ஒரு டிராயர், தொடக்கத்துலயும் முடிவுலயும் ரெண்டு பேர் முன்னாடி எண்ணணும், ரிலீவர் வந்தா தன் டிராயரோட தன் லாகின்ல வரணும். இதைச் செஞ்சாலே ஷார்ட்டேஜ் யாரால, திருட்டா கவனக்குறைவான்னு தெரிஞ்சுடும்.

---

பதில்: சரக்கறை

உணவுத் தானம் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022-இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் சில்லறை வணிகத்தின் நேரடிப் பங்கு 12 சதவீதம். வீடுகளின் பங்கு 60. சின்னப் பங்கு என்று விட்டுவிடலாமா என்றால், கடையில் வீணாவது ஒரே இடத்தில், பெரும்பாலும் பாக்கெட் பிரிக்காமல், எடை போடக்கூடிய வகையில் கிடைக்கிறது. மீட்பது எளிது. பிரான்ஸ் 2016-இல் 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்றும், சாப்பிடத் தகுந்த உணவை வேண்டுமென்றே கெடுத்துக் கொட்டக் கூடாது என்றும் சட்டம் போட்டது.

பெரும்பாலான தானத் திட்டங்கள் மூன்றாம் மாதம் படுப்பதற்கு ஒரே ஒரு காரணம்: சிஸ்டத்தில் தானத்துக்குத் தனி கோடு (code, பதிவுக் குறியீடு) இல்லை. தானம் கொடுத்ததும் வீணானதும் ஒரே வேஸ்டேஜ் கோடில் விழும். மேலாளரின் ஷ்ரிங்கேஜ் ஏறும். அவர் பொருளை முன்கூட்டியே எடுத்து வைக்க மாட்டார், கடைசி நாள் வரை ஷெல்ஃபில் விட்டு, பிறகு குப்பையில் போடுவார். தனி கோடு போட்டு அதை ஷ்ரிங்கேஜ் இலக்கிலிருந்து விலக்குங்கள். அதே சமயம் அந்தக் கோடிலும் கண் இருக்கட்டும். ஒரு பொருள் வாரம் தவறாமல் தானத்துக்குப் போகிறதென்றால் இன்டென்ட் (கிளை கேட்கும் சரக்கு அளவு) அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். முதலில் ஆர்டரைக் குறை, பிறகு விலையைக் குறை, அதன் பிறகே தானம், கடைசியில் கால்நடைத் தீவனமோ உரமோ.

யார் செய்வது? இரவில் மூடும் ஆட்களிடம் கொடுக்காதீர்கள். காலையில் ஷெல்ஃப் நிரப்பும்போதே தேதி பார்க்கும் வேலை நடக்கிறது, அதே கையோடு பிரிக்கலாம். கிளைக்கு 30-40 நிமிடம் ரோஸ்டரில் ஒதுக்க வேண்டும். "சும்மா இருக்கும்போது பார்த்துக்கோ" என்றால் நடக்காது. "இந்தத் தேதிக்கு முன் பயன்படுத்தினால் சிறந்தது" என்று போட்டதும் "இந்தத் தேதிக்குள் பயன்படுத்து" என்று போட்டதும் வேறு வேறு என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். இரண்டாவது வகை தேதி தாண்டினால் எந்தக் காரணத்துக்காகவும் தானத்துக்குப் போகக் கூடாது. முதல் வகை, தரம் பற்றிய தேதி. தாண்டினால் கொடுக்கலாமா என்பது அந்தந்த நாட்டு விதியைப் பொறுத்தது. குளிர்ப் பொருள் 5 டிகிரிக்கு மேல் ஏறாமல் போய்ச் சேர வேண்டும். பெறுபவரிடம் குளிர்ப்பெட்டி இல்லையென்றால் பாலும் இறைச்சியும் பட்டியலிலேயே வேண்டாம். பெறும் அமைப்பு வராத நாளுக்கு இரண்டாவது பெயர் ஒன்று கையில் இருக்கட்டும்.

ஊழியர்களே எடுத்துப் போகலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். முழுத் தடை போட்டால், சாப்பிடத் தகுந்ததைக் கண்ணெதிரே கொட்டச் சொல்வது மனசைக் கெடுக்கும். முழுச் சுதந்திரம் கொடுத்தால் பொருள் ஒளித்து வைக்கப்படும். குறைத்த விலையில், மேலாளர் அல்லாத ஒருவர் பில் போட்டு, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் என்ற முறை ஓரளவு நிற்கிறது.

துணிப் பிரிவுக்கு ஒரு விஷயம். சொந்த பிராண்டில் தைத்து வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் பொறுப்பு கடை வாசலோடு நிற்காது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த ஆலைகள் சில ஏற்கெனவே சமூகத் தணிக்கை பார்த்தவை. கட்டட உறுதி அந்தத் தணிக்கையின் எல்லைக்குள் இல்லை. எச்.ஆர். இதில் என்ன செய்ய முடியும் என்றால், பர்ச்சேஸ் ஆட்களின் அப்ரைசலைப் பாருங்கள். விலைக் குறைப்புக்கு மட்டும் மார்க் போட்டால், ஆர்டர் கொடுத்த பிறகு டிசைன் மாற்றி, டெலிவரி தேதியை மட்டும் மாற்றாமல் விடுவார்கள். அது அந்தப் பக்கம் ராத்திரி ஓவர்டைமாக மாறும். ஆர்டருக்குப் பின் செய்த மாற்றங்களின் எண்ணிக்கையை அவர்கள் அப்ரைசலில் ஏற்றுங்கள்.

---

கல்லாப்பெட்டி:

எல்லோருக்கும் நன்றி. மணி நேர பட்ஜெட், தனி கோடு இரண்டையும் உடனே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம் மிச்சம். புரொமோட்டர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை என்று லீகல் சொல்கிறது. அவர்களையும் கொள்கையில் சேர்த்தால் சிக்கல் வருமா? வாடிக்கையாளர் தவறாக நடந்துகொண்டால் என்ன விதி எழுதுவது? கூடவே, ரத்ததான முகாமை நிர்வாகம் விடுவதாக இல்லை.

---

பதில்: தராசுமுள்

லீகல் சொல்வது சம்பளப் பட்டியல் பற்றி. அவர்கள் எந்த ஷிஃப்டில் நிற்கிறார்கள், எந்தக் கழிவறைக்குப் போகிறார்கள், யார் திட்டுகிறார் என்பதை முடிவு செய்வது உங்கள் கடை. ஜிஆர்ஐ என்ற சர்வதேச நிலைத்தன்மை அறிக்கை முறையில், ஊழியர் அல்லாத, ஆனால் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் வேலை செய்பவர்களை எண்ணிக் காட்டவே 2-8 என்று தனித் தலைப்பு இருக்கிறது. பயப்பட வேண்டாம், சம்பளம், பணிநிரந்தரம் பற்றி ஒன்றும் எழுத வேண்டியதில்லை. "கடை வளாகத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும்" என்று தொடங்கி குடிநீர், இருக்கை, இடைவேளை, புகார் வழி, விபத்துப் பதிவு இந்த ஐந்தைச் சேருங்கள். பிராண்டோடு போடும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி: புரொமோட்டருக்குச் சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும், அவரைக் கடை வேலைக்கு, அதாவது லோடு இறக்க, பில்லிங்குக்கு, பயன்படுத்தக் கூடாது. இரண்டாவது வரி கசக்கும். ஆள் குறையும் நாளில் மேலாளர் முதலில் கைவைப்பது அவர்கள் மேல்தான், விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்ற சண்டை அங்கிருந்துதான் கிளம்பும்.

வாடிக்கையாளர் விஷயத்துக்கு 2019-இல் வந்த ஐஎல்ஓ 190-ஆவது உடன்படிக்கையைப் பாருங்கள். வேலையிட வன்முறை, துன்புறுத்தல் என்பதில் மூன்றாம் தரப்பாரால் வருவதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. விதியை நீளமாக எழுதாதீர்கள், நெருக்கடியில் யாரும் படிக்க மாட்டார்கள். ஊழியர் வாயில் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும்: "மன்னிக்கணும், மேலாளரைக் கூப்பிடுறேன்." சொன்னதும் கவுண்டரை விட்டு விலக அவருக்கு உரிமை உண்டு, கல்லாவைப் பூட்டிவிட்டு. மேலாளர் வந்து பேச வேண்டும், சரிவராவிட்டால் அந்த நபருக்கு விற்பனையை மறுக்கலாம். பெண் ஊழியரிடம் அத்துமீறியவரின் பில் தொகையைப் பார்த்து, அந்த ஊழியரையே யாரும் மன்னிப்புக் கேட்கவைக்கக் கூடாது. அன்றே கேமரா பதிவை எடுத்துத் தனியே சேமியுங்கள். பல டிவிஆர்களில் (கேமராப் பதிவுக் கருவி) சில வாரங்களில் பழையது அழிந்து புதியது ஏறிவிடும், புகார் விசாரணைக்கு வரும்போது ஒன்றும் இருக்காது. ஊழியர் அறையில் "வாடிக்கையாளரே தெய்வம்" போர்டு இருந்தால் இந்த விதிக்குப் பக்கத்தில் அது நன்றாக இருக்காது, எடுத்துவிடுங்கள்.

புகார்ப் பெட்டியை மேலாளர் அறை வாசலில், கேமராவுக்குக் கீழே மாட்டுவது நிறைய இடத்தில் பார்க்கக்கூடிய கூத்து. தொழிலும் மனித உரிமைகளும் பற்றிய ஐ.நா.வின் 2011 வழிகாட்டுக் கொள்கைகளில் 31-ஆவது, புகார் முறை எளிதில் எட்ட வேண்டும், எத்தனை நாளில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் என்கிறது. கிளைக்கு வெளியே உள்ள ஒருவர் எடுக்கும் போன் எண், ஏழு நாளில் முதல் பதில் என்பது குறைந்தபட்சம்.

---

பதில்: ரோஸ்டர்பலகை

முகாம் நடத்தட்டும், ஆனால் வீக் ஆஃப் நாளில் வரச் சொல்லக் கூடாது. வேலை நேரத்தில், சம்பளத்தோடு, வராதவர் பெயர் எங்கும் எழுதப்படாமல். ரத்தம் கொடுத்தவரை அன்று லோடு இறக்கவோ மாலை முழுக்க நிற்கவோ போடாதீர்கள். எட்டுப் பேர் கொடுக்கிறார்கள் என்றால் அன்றைய ரோஸ்டரில் எட்டுப் பேருக்கும் உட்கார்ந்த வேலை இருக்கிறதா என்று பார்த்துத் தேதி குறியுங்கள். பெரும்பாலும் ஒரே கிளையில் ஒரே நாளில் முடியாது என்று தெரியவரும், இரண்டாகப் பிரிக்கலாம்.

மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கும் யோசனையும் அடுத்து வரும் என்று நினைக்கிறேன். எல்லோரையும் பை கட்டும் மேசையில் உட்காரவைத்தால் அது போட்டோவுக்கு எடுத்தது. ஒரு பதவியை வேலைத் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டை யார் செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும். காது கேளாத கேஷியருக்கு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிய திரையும், "என்னிடம் எழுதிக் காட்டுங்கள்" என்ற அட்டையும் பெரும்பாலும் போதும். தீயணைப்பு ஒத்திகையில் ஒலியோடு ஒளி அலாரமும் வேண்டும், அதை மறந்துவிடுவார்கள்.

---

பதில்: ஷட்டர்சாவி

எண்கள் கேட்டீங்களே. கிளைக்கு ஒரு வரி, மாசத்துக்கு ஒரு தாள் போதும்: 90 நாள் விலகல், ஒட்டின பிறகு மாறின ஷிஃப்ட், 11 மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி எத்தனை தடவை, எடுக்காத வீக் ஆஃப், விபத்து, புகாரும் அதை முடிக்க ஆன நாளும், தானம் போன கிலோ. நட்ட மரக்கன்றைப் போடுறதா இருந்தா ஒரு வருஷம் கழிச்சு உயிரோட இருக்கிற எண்ணிக்கையைப் போடுங்க. எட்டுக் கிளையும் ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல நிக்கணும், சராசரி மட்டும் காட்டினா மோசமான கிளை ஒளிஞ்சுக்கும்.

பை சோதனை பத்தி ரோஸ்டர்பலகை லேசா தொட்டுட்டுப் போயிட்டார். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2020-ல ஆப்பிள் கடை ஊழியர்கள் வழக்குல, வெளியே போறப்ப நடக்கிற பை சோதனைக்குக் காத்திருக்கிற நேரமும் சம்பள நேரம்தான்னு தீர்ப்பு சொல்லிச்சு. வேற ஊர்ல சட்டம் வேற மாதிரி இருக்கலாம், ஆனா தினம் பத்து நிமிஷம்னா மாசம் 26 நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல, ஆளுக்கு அரை நாள் ஓசி வேலை. இதுக்கு கொள்கை ஒண்ணும் எழுத வேண்டாம். பஞ்ச் மெஷினை பேக்ரூம் சுவத்துல இருந்து கழட்டி, செக்யூரிட்டி மேசைக்கு அந்தப் பக்கம் மாட்டுங்க. கூட ரெண்டு மீட்டர் கேபிள் வேணும், அவ்வளவுதான்.